மீன் பெட்டிக்குள் என் தங்கையின் சிரிப்பு

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் நடந்தது இது. மறுநாள் என் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். காதுக்குக் கீழே ஒரு கட்டி. அதை எடுக்கும்போது நரம்பு பாதிக்கப்பட்டால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணிப்போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் அவள் சிரிப்பைப் படம் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

போனில் எடுத்தால் வேலைக்கு ஆகாது. உடனே பிடுங்கிப் பார்த்து, மூக்கு பெரிதாக இருக்கிறது, பல் தெரிகிறது என்று எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். என் பழைய பிலிம் கேமராவில் எடுத்த கையோடு பார்க்க எதுவும் கிடையாது. அதனால்தான் அதன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். கொஞ்ச நேரம் உம்மென்று நின்றவள், பிறகு கேமராவையே மறந்து அலையில் கால் வைத்துச் சிரித்தாள். ரோல் முழுக்க அவள்தான்.

பாழாய்ப்போன கேமரா வார் அப்போதா அறுந்து தொலைய வேண்டும்! கேமரா கல்லில் விழுந்தது. எடுத்தால், கொக்கி உடைந்து பின்மூடி ஆடுகிறது. இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். கையை எடுத்தால் வெயில் உள்ளே போய் அத்தனை படமும் போச்சு. பிலிமைத் திருப்பிச் சுற்றும்படி தங்கையிடம் சொன்னேன். அந்தக் கைப்பிடியும் வளைந்து, நகர மறுத்தது. கேமராவை அமுக்கிய கையோடு நான் ஸ்டூடியோவுக்கு ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, அவளுக்கோ ஓட்டவே தெரியாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். தங்கை ஒன்று விடாமல் சொன்னாள், கட்டியைப் பற்றிக்கூட.

"இருட்டு தானே வோணும்?" என்றவர், தன் ஐஸ் பெட்டியிலிருந்த மீனையெல்லாம் சாக்கில் கொட்டி, உள்ளே துடைத்தார். வெயிலில் மீன் கெட்டுவிடுமே என்று நான் இழுத்தேன்.

"அத்த நான் பாத்துக்குறேன். நீ கைய உள்ள வுடு."

கேமராவோடு இரண்டு கையையும் விட்டேன். மேலே தார்ப்பாயை மடித்துப் போட்டு, ஓரங்களை அவரும் தங்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். விரல் மரத்துப்போனது. தடவித் தடவி ரோலைப் பிடுங்கி, அதன் முனையைத் திருகித் திருகி பிலிமை டப்பிக்குள் இழுத்தேன். எங்கேயாவது வெளிச்சம் கசிந்ததா? கழுவி வரும்வரை தெரியாது. நான் நிமிர்ந்தபோது அந்த அம்மா மீனை மறுபடி ஐஸில் அடுக்க ஆரம்பித்திருந்தார்.

ஆபரேஷன் முடிந்து தங்கை வீட்டுக்கு வந்த பிறகுதான் படங்கள் வந்தன. சிலவற்றில் ஓரம் வெளுத்திருந்தது, மற்றவை பிழைத்துவிட்டன. ஆனால் டாக்டர் பயந்தது நடந்துவிட்டது. அவளுடைய இடது பக்க உதடு அசையவில்லை. படங்களைக் கொடுக்கப் பயந்து பீரோவில் ஒளித்து வைத்தேன். அவளே தேடி எடுத்துவிட்டாள். ஒவ்வொன்றாக, வெகுநேரம் பார்த்தாள்.

"கேமரா ரிப்பேர் பண்ணிட்டியாக்கா? இப்ப ஒண்ணு எடு" என்றாள்.

பழைய சிரிப்பைக் காப்பாற்ற அப்படித் துடித்த நான், புதுச் சிரிப்பை நேராகப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தேன் என்பது, கேமராவைக் கண்ணில் வைத்தபோதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் அவள் சிரிக்கும்போது நான் வேறு பக்கம் திரும்புவதில்லை.