ஊசியை வைத்த சின்னம்மா

பிள்ளைகளே, இன்று நாங்கள் குடிவந்திருக்கும் இந்த அந்நிய ஊரின் பல்லரோ சந்தையில், மீன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தொங்கியது. தொட்டுப் பார்த்தேன், போருக்குப் பிறகு மனம் மரத்துத்தான் இருந்தது, ஆனாலும் வன்னியில் எங்கள் மாதா கோயில் மண்டபம் நினைவுக்கு வந்தது.

அங்கே சனிக்கிழமைகளில் பெண்கள் மாதா பாட்டுப் பாடிக்கொண்டு, தையற்கார அந்தோனி கொண்டுவரும் வெட்டுத்துண்டுகளை இணைத்து, கலியாணம் பேசி முற்றான பெண்ணுக்கு ஒரு போர்வை தைப்பார்கள். தன் போர்வையில் மணப்பெண் தையல் போடக்கூடாது என்பது வழக்கம்.

ஒருநாள் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஊசியில் நூல் கோத்ததும் அம்மா சொன்னார்: "நீ தைக்காதை. இது உனக்குத்தான். அந்தோனி உன்னைப் பொம்பிளை கேட்டவர்."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே!"

"இப்ப கேக்கிறம். விருப்பமில்லாட்டித் தை. விருப்பமெண்டால் ஊசியை வை."

பாட்டு நின்றுவிட்டது. சின்னம்மா துணியில் ஊசியைக் குத்தினார், யோசித்தார், பிறகு உருவி அம்மாவிடம் கொடுத்தார்.

"நீலத்துண்டை நடுவிலை வையுங்கோ அக்கா. எனக்குப் பிடிக்குமெண்டுதானே அவர் எந்தநாளும் நீலமாக் கொண்டு வாறவர்."

"அடி கள்ளி!" என்று பெண்கள் சிரித்த சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது.

அந்த மண்டபம் போரில் போய்விட்டது. சந்தைப் போர்வையின் நடுவில் நீலமில்லை, சிவப்புத்துண்டுதான் இருந்தது. கையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனேன்.