அம்மா மூடிக்கொண்ட கால்கள்

தஞ்சாவூர்க் கல்லூரியில் சேர்ந்ததும் பாவாடையைத் தரை கூட்டும்படி இறக்கிக் கட்ட ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்தே அம்மாவோடு நாற்று நடப் போய், சேற்றில் ஊன்றி ஊன்றி விரிந்துபோன கால்விரல்கள் எனக்கு. விடுதியில் ‘வாத்துக்கால்’ என்று சிரித்தார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அம்மாவிடம் வெடித்தேன்.

“உன் கால் மாதிரியே என் காலையும் ஆக்கிட்டியேம்மா!”

கூலி கேட்டுப் பண்ணையார் எதிரே நிமிர்ந்து நின்றவள், குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அதன்பின் நான் வீட்டிலிருந்தால், உட்காரும்போதெல்லாம் சேலையால் காலை மூடிக்கொள்வாள்.

மறு வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். வழக்கப்படி கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். எவ்வளவு இறுக்கியும் அவை ஒட்டவில்லை. சித்தி சேலையை இழுத்து மூடப் போனாள்.

“மூடாதீங்க சித்தி” என்றேன்.

உயிரோடு இருந்தவளைக் காலை மூடவைத்தது நான்தான் என்பதைச் சித்தியிடம் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.