நிறைந்த வட்டல்

ஏற்காட்டு மலை ஊரான செம்மநத்தத்தில் முத்தாயி என்று கேட்டால் யோசிப்பார்கள். சென்றாயன் பெண்டாட்டி என்றால் உடனே கை காட்டுவார்கள். சென்றாயனுக்கு அவ்வளவு பேர் வந்ததற்குக் காரணம் அவன் வயிறு. கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் வந்து உட்கார்ந்தால் சமையல் செய்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு பானையை அடுப்பில் ஏற்றுவாராம். கேலிதான், ஆனால் பொறாமையும் கலந்த கேலி. மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி விடியலில் ஏறினால் பொழுது சாயும்வரை இறங்கமாட்டான். மற்றவர்கள் ஒரு பலாப்பழத்துக்கே முக்கும்போது இவன் தோளுக்கு ஒன்றாக இரண்டு வைத்துக்கொண்டு ஏற்காட்டுச் சந்தைக்கு நடப்பான். உழைத்த வயிறு கேட்டது, முத்தாயி போட்டாள். போடுவதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது.

ஒரே மகளை வாழவந்தியில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். அவன் உண்டு முடித்த பிறகு, அவன் உண்ட வட்டலிலேயே போட்டுக்கொண்டு அவள் உண்பாள். புதுத் தட்டு வாங்க வக்கில்லாமல் இல்லை, அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. சேலத்துக் கடையில் அவளே தேடி வாங்கிய அகலமான பித்தளை வட்டல் அது. கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, தாம்பாளமா?" என்று கேட்டதுண்டு.

அந்த வயிறு உள்ளுக்குள் புண்ணாகிக்கொண்டிருந்ததை அவன் சொல்லவில்லை. நெஞ்சு எரிந்தால் சோடா குடிப்பான், வலித்தால் குப்புறப் படுப்பான். எண்பத்து நாலாம் வருசம் ஐப்பசி மழையில், களத்து மேட்டில் நின்றபடியே ரத்தமாக வாந்தி எடுத்தான். எஸ்டேட் ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். முத்தாயி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று மலை இருந்த திக்கைப் பார்த்து மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிட்டாள். மற்றவர்கள் போல ஆடு, கோழி என்று நேர்ந்துகொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. "என் ஊட்டுக்காரரு எந்திரிச்சு ஒக்காந்து, நெறஞ்ச வட்டல் உண்ணோணும் சாமி. அது வரைக்கும் வட்டல்ல அவரு உண்ணற அளவுதான் எனக்கும். அதுக்கு மேல ஒரு வாய் கூட வேண்டாம்." இதுதான் அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டது. அந்த மலையில் வேண்டுதல் விளையாட்டுக் காரியம் இல்லை. வாய் விட்டு வெளியில் சொன்னால் பலிக்காது என்பார்கள். அதனால் மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால், அவள் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் டாக்டர் கட்டிலோரம் வந்து சொன்ன விஷயம் வேறு. வயிற்றில் முக்கால்வாசியை எடுத்தாகிவிட்டது. எடுத்தது திரும்ப வளராது. இனி ஆயுசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை, கூழாக மென்றுதான் உண்ண வேண்டும். ஒரே மூச்சில் நிறைய உண்டால் உயிருக்கே ஆபத்து. சென்றாயன் தலையாட்டினான். முத்தாயி வெந்நீரோடு வந்து, "டாக்டரு என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்குக் கொறச்சு, மென்னு மென்னு உண்ணோணுமாம். அப்பறம் சரியாயிருமாம்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பாவிகள், ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாக நினைத்து இருவருமே வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பேரனுக்கு வாங்கி வைத்திருந்த சின்னக் கிண்ணம் சென்றாயனுக்கு அளவுக் கிண்ணமாயிற்று. முதலில் கஞ்சித் தெளிவு. பிறகு மோர் விட்டுக் குழைத்த பச்சரிசிச் சோறு. காலையிலும் மாலையிலும் அதைப் பெரிய வட்டலின் நடுவில் அவள் கவிழ்த்து வைப்பாள். அவ்வளவு பெரிய வட்டலில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அவன் ஒவ்வொரு வாயையும் மென்று மென்று, தண்ணீராக்கி விழுங்குவான். பந்தியைக் காலி செய்த ஆள் ஒரு கிண்ணம் சோற்றோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதை அவளால் பார்க்க முடியாது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் ஆசையாக வெல்லக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்த கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, பாயில் சுருண்டுவிட்டான். பிறகு இனிப்பையும் நிறுத்தினாள்.

அவன் உண்டு எழுந்ததும் அதே கிண்ணத்தால் ஒரு கிண்ணம் அளந்து வட்டலில் போட்டுக்கொள்வாள். அவன் இரண்டு வாய் மிச்சம் வைத்தால் அவளும் இரண்டு வாய் குறைத்துக்கொள்வாள். ஒன்றை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவில்லை. இடையிடையே அரை இட்லி, ஒரு மடக்கு பால், கொஞ்சம் வாழைப்பழம் என்று அவனுக்கு அவளே எதையாவது கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது வட்டலில் விழாத சோறு. நோயாளிக்கு மருந்து மாதிரி. அவளுக்கோ மலைவழக்கப்படி காலையும் மாலையும் வட்டலில் உண்பதுதான் சாப்பாடு. ஆக அவன் தேறினான், அவள் வற்றினாள்.

கார்த்திகை பிறந்தது, காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியது. அவன் வேலைக்குப் போகாத குறைக்கு அவள் எஸ்டேட்டுக்குப் போனாள். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு பனியில் சரிவெல்லாம் ஏறி இறங்கினாள். ரவிக்கை தொளதொளவென்று ஆகியது. பக்கத்து வீட்டு ராசம்மாள் ஒருநாள் நிறுத்திக் கேட்டாள்.

"ஏங் கண்ணு, ஆபரேசன் அவனுக்கா உனக்கா? இப்படி எளச்சுக் கெடக்கற?"

"பசிக்கறதில்லீங்கக்கா" என்றாள் முத்தாயி.

பசிக்காமல் என்ன? கூடையை இறக்கி வைக்கும்போது கண் இருட்டும். பக்கத்துப் பெண்கள் தூக்குச் சட்டியைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் சென்றாயன் ஒரு கவளம் கூடுதலாக உண்ட நாளில் அவளுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இந்தா, ஏறிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள், வட்டல் நிறைந்துவிடும் என்று சாமியிடம் பேசிக்கொண்டே சரிவில் ஏறுவாள்.

மார்கழியில் அந்தச் சரிவிலேயே மயங்கி விழுந்தாள். எஸ்டேட் ரைட்டர் ஆள் அனுப்பி அவளை ஏற்காட்டு மிஷன் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார். சேதி கேட்டுச் சென்றாயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தான். அங்கிருந்த நர்ஸ் இன்பமேரி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, உங்க சம்சாரம் சோறே உண்ணறதில்லீங்களா? ஒடம்புல ரத்தமே இல்லீங்க. இப்படியே போனா அடுத்த மழைக்குத் தாங்கமாட்டாங்க."

அன்று மாலை வீட்டில் சென்றாயன் அவளை எதிரில் உட்காரச் சொன்னான். "சேர்வராயனுக்கு ஏதாச்சும் நேந்துகிட்டயா?"

முத்தாயி பேசவில்லை. அந்த மலையில் இந்தக் கேள்விக்கு இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆம் என்றால்தான் வாய் திறக்கமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தன் கிண்ணத்தாலேயே அவளும் அளந்து போட்டுக்கொண்டு வந்தது சென்றாயனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் நெறயா உண்டாத்தான் நீயும் உண்ணுவயா?"

அவள் தலையைக் குனிந்தாள். கண்ணீர் மடியில் விழுந்தது. டாக்டர் சொன்னதை அவன் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். "ஏ புள்ள, களி கிண்டு. அவரைக்கொட்டைக் கொழம்பு வெய்யி. இன்னைக்கு வகுறு நல்லாப் பசிக்குது."

முத்தாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபரேசனுக்குப் பிறகு அவன் களியைத் தொட்டதில்லை. ராகிக் களியை மெல்லக் கூடாது. மென்றால் பல்லில் ஒட்டும், சிரிப்பார்கள். உருட்டி, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். மென்று உண்ணச் சொன்ன வைத்தியத்துக்கு அது ஆகாது. அவனே களி கேட்டுவிட்டான் என்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? துடுப்பைப் போட்டுக் கிண்டும்போது உடம்பில் இல்லாத பலமெல்லாம் அவளுக்கு வந்தது. பழைய நாள் போல இரண்டு உருண்டை பிடித்து வட்டலில் வைத்தாள். குழம்பை ஊற்றினாள். வட்டல் நிறைந்தது.

அவன் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். ஒரு உருண்டையைப் பிட்டுப் பிட்டு விழுங்கினான். இரண்டாவதில் நிதானித்தான். நெற்றி வியர்த்தது.

"போதுமுங்களா?" என்று பயந்து கேட்டாள்.

"கொழம்பு காரம். இன்னும் கொஞ்சம் ஊத்து."

முழுவதையும் உண்டான். வட்டலை வழித்து, விரலை நக்கி, அவள் பக்கம் தள்ளினான். "இந்தா, நெறஞ்ச வட்டல் உண்டாச்சு. சாமியும் பாத்துட்டாரு, நீயும் பாத்துட்ட. இப்ப நீ போட்டு உண்ணு, என் கண்ணு முன்னால."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். மீந்த களியைப் போட்டுக்கொண்டு உண்டாள். எவ்வளவு நாள் பசி! வாய் நிறைய, கை நிறைய உண்டாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க, இன்னுங் கொஞ்சம்" என்றான். வியர்வை கழுத்தில் வழிந்தது. அவளுக்கு அது கண்ணில் படவே இல்லை. சோற்றைக் கண்ட கண்ணுக்கு வேறு எது தெரியும்? அவள் கடைசி வாயை உண்டு முடித்த பிறகுதான் அவன் எழுந்தான். வாசலைத் தாண்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே சரிந்தான்.

மறுபடியும் ஜீப், மறுபடியும் சேலம். உள்ளே தையல் விட்டுப்போய்விட்டது என்றார்கள், முடிந்ததைச் செய்தார்கள். நினைவு வந்த நேரத்தில் அவன்தான் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் அன்று என்ன சொன்னார் என்பதை, ஒன்று விடாமல்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் களி கிண்டியிருப்பனுங்களா? ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று கட்டில் சட்டத்தில் முட்டிக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா நீ ஆயுசுக்கும் அந்தக் கிண்ணத்துலதான் உண்ணுவ. உன்னிய எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்குத்தானே, தாங்கிரும்னு நெனச்சேன் புள்ள."

தாங்கவில்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து, மகளும் ஊருக்குப் போன பிறகு, முத்தாயி தனியாக மலையுச்சிக் கோயிலுக்கு ஏறினாள். நடந்தது எப்படியோ, நேர்ந்துகொண்டது நிறைவேறிவிட்டது. அதைச் சாமியிடம் சொல்லிவிட வேண்டும். பூசாரி ஐயாக்கண்ணு அவளைப் பார்த்துத் துக்கம் விசாரித்தார். முடிந்துபோன வேண்டுதல்தானே என்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

"அட சாமி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பூசாரிகிட்டச் சொன்னாத் தப்பில்ல. கஷ்டமான வேண்டுதலுன்னா ஒரு தேங்காயை ஒடச்சு லேசான வேண்டுதலா மாத்திக் கட்டிக்கறது உண்டே. எத்தன பேருக்குப் பண்ணி உட்டிருக்கேன்."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். ஒரு தேங்காய். ஏற்காட்டுக் கடைத்தெருவில் குவியல் குவியலாகக் கிடக்கிறதே, அதில் ஒன்று.

அதற்குப் பிறகு முத்தாயி இருபது வருசம் இருந்தாள். தினமும் காலையும் மாலையும் அந்தப் பித்தளை வட்டல் நிறைய உண்டாள். ஊர் சும்மா இருக்குமா? புருசன் போய்ச் சேர்ந்தான், இவளுக்கு வாய் மட்டும் குறையவில்லை பார் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். காதில் விழுந்தாலும் யாரிடமும் அவள் சண்டைக்குப் போகவில்லை. ஒருநாள் ராசம்மாள்தான் மனசு கேட்காமல், எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. இவ்வளவும் உனக்கு எப்படித்தான் எறங்குது?"

"எறங்கறதில்லீங்கக்கா. ஒவ்வொரு வாயும் தொண்டையில நிக்குது" என்றாள் முத்தாயி. "ஆனா, நான் வகுறு நெறயா உண்ணோணும்னுதான் அவரு உசுரக் குடுத்தாரு. எப்படிங்கக்கா மிச்சம் வெக்கறது?"

சொல்லிவிட்டு அடுத்த வாயைக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள்.