தமிழ் வகுப்புக்கு நான் போட்ட பூட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூரின் தோ பாயோவில் நான் உயர்நிலை மூன்று படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்புக்கென்று தனி அறை கிடையாது. அன்றைக்கு எந்த அறை காலியோ அதுதான் எங்களுக்கு. தமிழாசிரியை அறை எண்ணை ஒரு தாளில் எழுதி, ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டுவார். அதைப் பார்த்துவிட்டு மாடி மாடியாக ஓடுவோம். நானோ கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்ட புதிது. கை சும்மா இருக்குமா? ‘தமிழ் எங்கே?’ என்று ஒரு செயலி செய்தேன். திறந்தால் அறை எண் தெரியும், அவ்வளவுதான்.

ஒரே வாரத்தில் தமிழ் படிக்கிற எல்லாரும் அதை இறக்கிக்கொண்டார்கள். ஆசிரியையே அதில் அறை எண்ணைப் போட ஆரம்பித்துவிட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சிட்டு ஃப்ரீயாவா கொடுக்கிற? சார்ஜ் பண்ணு லா!” என்றாள் என் தோழி.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதல் மாதம் இலவசம், பிறகு மாதம் ஒரு டாலர் என்று வைத்தேன். கட்டாதவர்களுக்குத் திரையில் பூட்டுப் படம் வரும். அந்தப் பூட்டை வரைய ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன், அவ்வளவு அழகாக வந்தது! பலர் சந்தோஷமாகவே முன்கூட்டிக் கட்டினார்கள். அந்தக் காசில் தோழியைத் தேக்கா சந்தைக்கு அழைத்துப்போய்த் தோசை வாங்கிக் கொடுத்தபோது, நான் பெரிய முதலாளி.

இலவச மாதம் முடிந்த நாள், தமிழ் படிக்கிற எல்லாருக்கும் வாய்மொழித் தேர்வு நாள். நான் தேதியைப் பார்க்கவே இல்லை. பள்ளி முடிந்து தேர்வு. கடைசி நேரத்தில் அறை மாறியது. கைப்பேசியைப் பார்த்துவிட்டு ஜம்பமாக மாடி ஏறினால், படிக்கட்டில் உயர்நிலை ஒன்று மாணவி ஒருத்தி அழுகிற முகத்தோடு நின்றாள்.

“அக்கா, எந்த ரூம்னு தெரியல. பூட்டு போட்டிருக்கு.”

“கதவுல ஒட்டியிருப்பாங்களே, பாக்கலையா?”

“இப்பல்லாம் ஒட்டுறதில்லக்கா. ஆப்ல பாருங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தாள் இருந்த இடத்தில் இப்போது என் செயலிதான் இருந்தது. அதற்குத்தான் நான் காசு கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நாலாவது மாடி, மியூசிக் ரூம்! ஓடு!” என்று அவளை அனுப்பிவிட்டு, கேன்டீன், நூலகம், பழைய அறை என்று கத்திக்கொண்டே ஓடினேன். அந்த ஓட்டத்துக்கு விளையாட்டு விழாவில் பதக்கமே கொடுத்திருப்பார்கள். திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற ஐந்தாறு பேரைத் திரட்டிக்கொண்டு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, கதவு இன்னும் மூடப்படவில்லை. ஒருவர்கூட விடுபடவில்லை! அங்கேயே துள்ளிக் குதித்தேன்.

தேர்வு முடிந்ததும் அந்த மாணவி என்னைத் தேடி வந்தாள். “தேங்க்ஸ்க்கா. நாளைக்கு ஒரு டாலர் கொண்டு வந்துடுறேன்.”

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து பூட்டை எடுத்தேன். வாங்கிய காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்குச் செயலி செய்து கொடுத்து, கறாராகக் காசு வாங்கினேன். உழைப்புக்குக் கூலி கேட்க எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் எதற்கும் விலை வைக்கும் முன்பு, அது வந்ததால் எந்தக் கதவிலிருந்து எந்தத் தாள் காணாமல் போனது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.