பாலத்தில் மயங்கிய காலை

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் பெண் நான். தம்பி கல்யாணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று காலையும் இரவும் சாப்பாட்டை நிறுத்தினேன். விடிந்ததும் காவிரிப் பாலத்தில் வேக நடை வேறு. பத்தாம் நாள் நடுப்பாலத்தில் கண் இருட்டி, சாலைப் பக்கம் சாய்ந்தேன். எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த பூக்கார அக்கா சட்டென்று என்னைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"ஏஞ்சாமி, காலையில என்ன சாப்ட்டே?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"பட்டினி கெடந்தா ஒடம்பு எப்படிச் சாமி தாங்கும்?" என்றவர், தன் தூக்குப்போசியிலிருந்த கம்பங்கூழைக் குடிக்க வைத்தார். குடிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு அதே உடம்போடுதான் போனேன். இப்போது மூன்று வேளையும் முட்டை, கீரை, பயறு என்று அளவாகச் சாப்பிடுகிறேன். ஒருநாளும் விடாமல் நடக்கிறேன். எடை மெதுவாகத்தான் குறைகிறது. ஆனால் ஷிப்ட் முழுக்கத் தறியில் நின்றாலும் கால் நடுங்குவதில்லை.