சுரண்டப்பட்ட முகம்

டென்மார்க்கின் ஸ்கீவவில் வந்திறங்கி, மீன் தொழிற்சாலையில் நின்று முதுகு நொந்தபின் அல்பர்ட்ஸ்லுண்டுக்குக் குடிபெயர்ந்தவள் ராசமலர். இப்போது கோப்பன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகத்தில் காவல் வேலை. கண்ணாடிப் பெட்டிகளில் பிள்ளைகள் கைவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரோம நாணயக் கண்காட்சி நடந்தபோது, துருக்கிப் பக்கத்து நகரமொன்றின் வெண்கலக் காசு அவளைக் குழப்பியது. ஒரு முகம் தெளிவாக இருந்தது. அதற்கு எதிரே வெறும் கீறல்கள். பழுதாகிவிட்டதென்று பொறுப்பாளர் விக்ரோரியாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"பழுதில்லை. அங்கே தம்பி கெற்றாவின் முகம் இருந்தது. அவனோடு சேர்ந்து ரோமை ஆண்ட தமையன் கரகல்லா அவனைக் கொன்றுவிட்டுத் தனியாக ஆண்டான். பிறகு அந்த முகத்தைச் சுரண்டிவிட்டார்கள்."

"ரோமிலிருந்து ஆட்கள் வந்தா?"

"ஊர்க்காரர்களாகத்தான் இருக்கும். காசில் யார் முகம் இருக்கிறதோ, அவரோடு ஊர் நிற்கிறது என்று அர்த்தம். ஆனால் எல்லா ஊரும் சுரண்டவில்லை. ஏனென்று எங்களுக்கும் தெரியாது."

சனிக்கிழமை புரொண்பியில் தமிழ்ச் சங்க மண்டபத்துக்குப் போன ராசமலர் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள். சங்கத்தைத் தொடங்கிய குணபாலனும் சபாநடேசனும் சேர்ந்து நின்ற படம் அது. சங்கத் தேர்தலில் தோற்ற சபாநடேசன் கோபித்துக்கொண்டு விலகிப் போயிருந்தார். இப்போது படத்தில் தலைவர் குணபாலன் மட்டும். சபாநடேசன் நின்ற இடத்தில் ஒரு பூச்சாடி.

"இஞ்சேருங்கோ, ஆர் இதை மாத்தினது?"

சங்கச் செயலாளரான அவள் கணவன் தவராஜா குரலைத் தாழ்த்தினான். "நான்தான்."

"தலைவர் சொன்னவரோ?"

"இல்லை. ஆனா அவர் அந்தப் படத்தைப் பாத்த பார்வை சரியில்லை. ஏன் வீண் பிரச்சினை எண்டு..."

அவள் நேரே குணபாலனிடம் போனாள். "நான் ஒண்டும் சொல்லேல்லையே தங்கச்சி," என்றார் அவர். "நிர்வாக சபைதான் விரும்பினது எண்டு நினைச்சன்."

யாரோடு கோபிப்பது? சபாநடேசனுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டாள்.

"நல்லதுதான் பிள்ளை. அந்தப் படத்திலை நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிண்டனான்," என்று அவர் சிரித்தார். பிறகு சட்டென்று போனை வைத்துவிட்டார். பகிடியா, மனவருத்தமா? அவளுக்குப் பிடிபடவில்லை.

பழைய படத்தையே திரும்பக் கொளுவச் சொன்னாள். "பாப்பம்," என்றான் தவராஜா.

அடுத்த கிழமை சுவரில் ஆணி மட்டும் இருந்தது. புதுப் படத்தையும் காணவில்லை. கழற்றியது தானில்லை என்று தவராஜா சத்தியம் பண்ணினான். குணபாலனும் தனக்குத் தெரியாதென்றார். வந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பாராமல் தேத்தண்ணி எடுக்கப் போனார்கள். இதற்குச் சந்தோசப்படுவதா என்று தெரியாமல் ராசமலரும் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றாள்.