வெள்ளிக்கிழமைப் பால்

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் அவர் சொன்ன ஒரே பெரிய பொய்யைக் காப்பாற்றும் பொறுப்பு பதின்மூன்று வயதில் என் தலையில் வந்து விழுந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் இலங்கையிலிருந்து டென்மார்க்கில் எஸ்பியர்க் என்ற துறைமுக நகரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். மூவரிலும் டேனிஷ் ஓரளவு நாக்கில் புரண்டது எனக்குத்தான். ஆகவே டொக்டரிடம் போனாலும், கொம்யூன் என்று இங்கே சொல்லும் நகரசபைக்குப் போனாலும், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான்தான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கதைக்க வேண்டும். அம்மாவின் தலையிடியும் அப்பாவின் பல்லுக்கொதியும் என் வாய்வழியாகத்தான் டென்மார்க்காருக்குப் போய்ச் சேர்ந்தன.

அப்பாவுக்கு வேலை கிடைத்த செய்தியும் அப்படித்தான் வந்தது. கொம்யூனில் இருந்த பெண்மணி சிரித்த முகத்தோடு அதைச் சொன்னபோது நான் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். மாடு வெட்டும் தொழிற்சாலை. அப்பா வெட்டத் தேவையில்லை, சுடுதண்ணீர்க் குழாயால் தரையையும் பெட்டிகளையும் கழுவினால் போதும். நான் தமிழில் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓமெண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

பஸ் தரிப்பில் நின்றபோது குனிந்து என் காதுக்குள் சொன்னார்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. பால் தொழிற்சாலை எண்டு சொல்லுவம், என்ன?"

பொய்யிலும் அப்பா மாட்டை விட்டு அதிக தூரம் போகவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் என் பயம் விளங்கும். அம்மா சுத்த சைவம். கடையில் இனிப்புப் பைக்கற்றைக்கூட நான் திருப்பி வாசித்து, ஜெலட்டின் இல்லை என்று சத்தியம் பண்ணினால்தான் கூடைக்குள் வைப்பாள். அதில் மாட்டெலும்பு கலந்திருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். வேறொரு ஊரில் இருந்த தெரிந்த குடும்பத்து மனிதர் இறைச்சித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று, சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "உந்தக் காசிலை ஆக்கின சோறெண்டால் ஒரு பருக்கைகூட நான் வாயிலை வைக்க மாட்டன்."

மற்றவர்கள் சொன்னால் அது பேச்சு. அம்மா சொன்னால் அது நடக்கும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒரு கோப்பைப் பாலோடு அவள் வேலை செய்து திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். உண்மை தெரிந்தால் அம்மா சாப்பிட மாட்டாள், சாப்பிடாமல் கிடந்து செத்துப்போவாள் என்று நான் முழுமையாக நம்பினேன். அவளுடைய உயிர் என் நாக்கு நுனியில் இருந்தது.

பொய்க்கும் தீனி போட வேண்டியிருந்தது. வேலைக்குப் போன முதல் கிழமையே அம்மா கேட்டாள், "பால் தொழிற்சாலையிலை வேலை செய்யிற மனிசன் ஒரு சொட்டுப் பால்கூடக் கொண்டு வரேல்லையே?" அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா இரண்டு பால் பைக்கற்றுகளோடு வந்தார். தொழிற்சாலையில் கொடுத்தது என்றார். கடையில் வாங்கியது என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அது வழக்கமாகிவிட்டது. அம்மா அதில் ஒரு கரண்டி எடுத்துப் பிள்ளையாருக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தயிருக்கு உறைய வைப்பாள்.

இவ்வளவும் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் உயிரியல் பாடத்தில் கண் வந்தது.

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு உயிரியல் படிப்பித்தவர் மரக்கட்டைச் செருப்போடு டொக்கு டொக்கென்று நடக்கும் நெடிய பெண். காதும் தோலும் முடிந்து கண்ணுக்கு வந்திருந்தோம். புத்தகத்தில் பார்ப்பது பார்ப்பதே அல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கு ஒரு மாட்டுக் கண் என்று எல்லோரும் வெட்டிப் பார்ப்போம் என்றார். கண்களை எங்கே எடுப்பது என்று அவர் யோசிக்கும் முன்னரே கடைசி வரிசை வாங்கில் இருந்த ஒரு பெடியன் என்னைக் காட்டி, இவளுடைய அப்பா என் அப்பாவோடுதானே வேலை செய்கிறார் என்று சொல்லிவிட்டான். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. டென்மார்க்காருக்கு அது வெறும் வேலை. ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. எனக்குத்தான் ஊரே அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லப்போவது போல இருந்தது.

அப்பாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். முடியாது என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த நாட்டில் அவரிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் பள்ளிக்கூடத்து ஆசிரியை.

"எத்தினை வேணுமாம்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூடி போட்ட வெள்ளை வாளியோடு அப்பா பள்ளிக்கூட வாசலில் நின்றார். கலியாண வீட்டுக்கென்று வைத்திருந்த நீளக்கைச் சேட்டு போட்டிருந்தார். ஆசிரியை அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நீளமாகப் பேசினார். அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, மனைவியையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், எல்லோர் முன்னிலையிலும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"நன்றியாம். வேலைக்கு நேரம் போகுதாம், கெதியாப் போகட்டாம்" என்றேன்.

அப்பா "தக், தக்" என்று இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டு அவசரமாகச் சைக்கிளில் ஏறினார். பெற்றோர் கூட்டத்தைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

கண்ணை வெட்டியது நான்தான். பக்கத்தில் இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தரிக்கோலை என்னிடம் தள்ளிவிட்டாள். மாட்டுக் கண் நினைத்ததைவிடப் பெரியது, நினைத்ததைவிடக் கெட்டியானது. ஆசிரியை சொன்னபடி முதலில் நுனியால் குத்தி, பிறகு சுற்றிவர வெட்டினேன். கறுப்பு நீர் கசிந்தது. உள்ளே நுங்குபோல ஒரு களி. பின்சுவரில் நீலமும் பச்சையுமாக மயிலிறகு மினுக்கம். மங்கல் வெளிச்சத்திலும் மாடு பார்ப்பதற்காக அமைந்த படலம், மனிதருக்கு அது இல்லை என்று ஆசிரியை சொன்னார். எல்லாவற்றுக்கும் நடுவில் வில்லை, கண்ணாடிக் குண்டு மாதிரி, தெளிவாக. அதைக் கழுவிப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்தால் கீழே இருந்த எழுத்துகள் பெருத்துத் தெரிந்தன. கையில் தூக்கி ஜன்னலைப் பார்த்தால் வெளியே நின்ற மரமெல்லாம் தலைகீழாக நின்றது. கண்ணுக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் விழும், நிமிர்த்திப் பார்ப்பது மூளையின் வேலை என்றார்.

ஒரு கொஞ்ச நேரம் நான் பயத்தை மறந்து போனேன். அவ்வளவு அழகாக இருந்தது.

பாடம் முடிந்ததும் எல்லோரும் கண்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். வில்லையை மட்டும் கொட்ட முடியவில்லை. பசுவினுடையதை அப்பிள் கோதோடும் கசங்கிய கடதாசியோடும் போடக் கை வரவில்லை. வைத்திருக்கவும் கூடாது, எறியவும் கூடாது. கடற்கரைப் பக்கம் போகும்போது தண்ணீரில் விடுவோம் என்று நனைந்த பஞ்சில் சுற்றி, படச்சுருள் வரும் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு, ஜக்கெற் பையில் வைத்தேன். அந்த வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையும் இந்தப் பிழையைச் செய்திருக்காது.

வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டுப் படி ஏறியவுடனேயே அம்மா என்னைக் குளிக்க அனுப்பிவிட்டாள். ஜக்கெற்றைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனேன். தலையில் தண்ணீர் விழுந்த பிறகுதான் டப்பா நினைவு வந்தது. அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் ஜக்கெற் அங்கே இல்லை. அம்மா அதைத் தோய்க்கப் போட்டிருந்தாள்.

பழைய சாமான் கடையில் வாங்கிய புத்தக அலுமாரியின் மேல் தட்டுத்தான் எங்கள் வீட்டுச் சாமித்தட்டு. அங்கே, பிள்ளையாருக்கு முன்னால், திருநீறு வைக்கும் சின்னப் பித்தளைத் தட்டில் வில்லை இருந்தது. கழுவித் துடைத்து, ஜன்னல் சாடியில் பூத்த ஒரு பூவும் பக்கத்தில் வைத்திருந்தாள். விளக்குச் சுடர் அதற்குள் தலைகீழாக எரிந்தது.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

அம்மா திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "உன்ரை ஜக்கெற்றுக்கை கிடந்தது. படிகம் மாதிரி இருக்கு. சாமிக்கு முன்னாலை இருக்கட்டும்."

படிகம் அல்ல என்று சொல்ல வேண்டும். சொன்னால், என்ன என்று கேட்பாள். அதைச் சொன்னால், எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். ஒரு நூலை இழுத்தால் அப்பாவின் தொழிற்சாலை வரைக்கும் எல்லாம் அவிழ்ந்துவிடும். சாமி கண்ணைக் குத்தும் என்று சின்ன வயதில் வெருட்டுவார்களே, அது இதற்குத்தான் என்று நினைத்தேன்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அப்பா பால் பைக்கற்றுகளோடு வந்தார். குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கைகூப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. காலையில் வாளி நிறையச் சுமந்து வந்தவர் அல்லவா!

"ஏன் நிக்கிறியள்?" என்றாள் அம்மா. சாம்பிராணிப் புகைக்கு நடுவில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "இண்டைக்கு நல்லாக் குனிஞ்சு கும்பிடுங்கோ."

அப்பா குனிந்தார். அதற்குப் பிறகு முழங்காலில் விழுந்தார். பிறகு நெற்றி நிலத்தில் பட விழுந்து கிடந்தார். கோயிலில்கூட அவர் அவ்வளவு நேரம் விழுந்து கிடந்ததை நான் கண்டதில்லை. அம்மா தேவாரம் முழுவதையும் ஆறுதலாகப் பாடி முடித்துவிட்டு, கற்பூரத்தட்டை முதலில் வில்லைக்கும் பிறகு பிள்ளையாருக்கும் காட்டினாள். ஒன்றும் அறியாத என் அம்மாவை ஒரு செத்த மாட்டின் கண்ணைக் கும்பிட வைத்துவிட்டோமே என்று எனக்கு நெஞ்சு வெடித்தது. விம்மி விம்மி அழுதேன்.

"புகை கண்ணுக்கை போட்டுதோ?" என்று கேட்டு அம்மா சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

காலையில் பார்த்தபோது வில்லை இல்லை. பூவும் இல்லை. நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அம்மா வழக்கம்போலச் சோறு போட்டாள், தானும் சாப்பிட்டாள். அவள் வாய்க்குப் போன ஒவ்வொரு கவளத்தையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் மாறியது. திங்கட்கிழமையிலிருந்து வாசலுக்குள் ஒரு பேசினில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. வேலையால் வரும் அப்பா அதில் கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். குளிர்காலம், காய்ச்சல் பரவுகிறது என்றாள். அப்போது எங்களுக்குப் பக்டீரியா பாடம் நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன்.

அப்பா பல வருடங்கள் அங்கேயே வேலை செய்தார். ஒரு வெள்ளிக்கிழமையும் பால் தவறவில்லை. அந்தப் பொய்யோடேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

அம்மாவின் கண்ணில் புரை விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் ஒரு பிளாஸ்டிக் கண்ணைக் கழற்றிக் காட்டி, மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கப்போவதாகச் சொன்னார். வில்லை என்றால் என்னவென்று அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தெரியும் எண்டு சொல்லு" என்றாள் அம்மா. "அண்டைக்குக் கழுவிச் சாமித்தட்டிலை வைச்சனான்தானே."

நான் டொக்டரை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன். "அது என்னெண்டு தெரிஞ்சோ அம்மா வைச்சனீங்கள்?"

"கொப்பான்ரை வேலை உடுப்பை முதல் நாளிலையிருந்து தோய்ச்சது ஆர்? பால் மணம் எது, மற்ற மணம் எது எண்டு எனக்குத் தெரியாதோ? அந்தப் பஞ்சிலையும் அதே மணம், உன்ரை பாடப் புத்தகத்திலை கண்ணின்ரை படம்."

"அப்ப அப்பாட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அம்மா பிளாஸ்டிக் கண்ணைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொன்னால் அந்த மனிசன் பிறகு என்னெண்டு என்ரை கையாலை வாங்கிச் சாப்பிடும்? மன்னிப்புக் கேக்க ஒரு இடம் வைச்சுக் குடுத்தன், கேட்டார். அந்தச் சோத்தைச் சாப்பிட்டதுக்கு நானும் கேட்டன். அவ்வளவுதான்."

டொக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அம்மாவுக்குப் பயம் இல்லை என்கிறார் என்று அவருக்கு மொழிபெயர்த்தேன். அன்று அந்தத் தட்டுக்கு முன்னால் நின்ற மூன்று பேரில் ஏமாந்து போனவள் அம்மா என்று நினைத்துக்கொண்டு, அவளுக்காக நான் அழுதிருந்தேன்.